அப்பாவின் காதில் முட்டையிட்ட ஈ

ஈக்களை அரைப்பதுதான் என் வேலை. எண்பதுகளின் தொடக்கத்தில் சிங்கப்பூரில் ஒரு பல்கலைக்கழகத்தின் விலங்கியல் ஆய்வகத்தில் உதவியாளராக இருந்தேன். என்ன வேலை என்று யாராவது கேட்டால் இந்த ஒரு வரியைத்தான் சொல்வேன். பெரும்பாலானவர்கள் அதற்கு மேல் கேட்கமாட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து மாதா கோயில் வாசலில் நிற்கும்போது என் அக்கா, "தங்கச்சி யூனிவர்சிட்டியில இருக்கா" என்று சொல்லி அதோடு பேச்சை வேறு பக்கம் திருப்பிவிடுவாள்.

எனக்கு அந்த வேலை பிடித்திருந்தது. கூச்சமில்லாமல் சொல்கிறேன், நான் அதில் கெட்டிக்காரியும்கூட.

அப்போது எங்கள் ஆய்வகம் இரண்டு ஈக்களைப் பிரித்தறிய முயன்றுகொண்டிருந்தது. இரண்டும் நீலப்பச்சையாக மின்னும், இரண்டுக்கும் செங்கல் நிறத்தில் பெரிய கண்கள். ஒன்று, தேக்கா சந்தையில் மீன் வெட்டும் பலகையைச் சுற்றிச் சுற்றி வரும் ஈ. செத்ததிலும் அழுகியதிலும் முட்டையிடும். மற்றதற்கு உயிருள்ள உடம்பு வேண்டும். புதிதாகப் பிறந்த ஆட்டுக்குட்டியின் தொப்புள், நாயின் காதில் உண்ணி கடித்த இடம், வேலிக் கம்பி கிழித்த கீறல் என்று எங்கே ரத்தம் புதிதாகக் கசிகிறதோ அங்கே வந்து ஓரத்தில் வரிசையாக முட்டையை அடுக்கிவிட்டுப் போய்விடும். பொரிந்த புழுக்கள் கூட்டமாகத் தலையைக் கீழே நீட்டி உயிர்ச் சதைக்குள் இறங்கும். வளர்ந்த புழுவின் உடம்பில் முள் வளையங்கள் திருகாணியின் புரிபோலச் சுற்றியிருக்கும். அதனால் அதற்குத் திருகுப்புழு என்று பெயர். முட்டையிடுவது பெண் ஈதான் என்பதால் நான் இரண்டுக்கும் என் வசதிக்கு வேறு பெயர் வைத்திருந்தேன். முதலாவது சந்தைக்காரி. இரண்டாவது புண்காரி.

வளர்ந்த புழுவைப் பூதக்கண்ணாடியில் பார்த்தாலே எது யார் பிள்ளை என்று சொல்லிவிடலாம். பொரிந்து ஓரிரு நாளான குஞ்சுப்புழு அப்படி இல்லை. வெள்ளையாக, நொய்யரிசி அளவில், எல்லாம் ஒரே மாதிரி இருக்கும். வளரட்டும் பார்க்கலாம் என்று காத்திருந்தால் அதற்குள் அது தன் வேலையைச் செய்து முடித்துவிடும். உருவத்தை விட்டுவிட்டு உள்ளே பார்ப்பதுதான் வழி.

உள்ளே என்றால் புரதம். ஒவ்வோர் உயிரும் தன் மரபணு சொல்லிக்கொடுத்தபடி தன் புரதங்களைச் செய்துகொள்கிறது. சந்தைக்காரியும் புண்காரியும் ஒரே வேலைக்கு ஒரே புரதத்தைச் செய்தாலும், மரபணுவில் எங்கோ ஓர் எழுத்து மாறியிருப்பதால் அந்தப் புரதத்தின் மின்சுமை கொஞ்சம் மாறியிருக்கும். இரண்டையும் ஒரே கோட்டில் நிறுத்தி மின்சாரத்தால் இழுத்தால் ஒன்று முன்னே ஓடும், இன்னொன்று பின்தங்கும். சாயம் ஊற்றினால் எது எங்கே நின்றது என்று ஊதாக் கோடாகத் தெரிந்துவிடும். அவ்வளவுதான் விஷயம்.

அவை ஓடும் பாதைக்கு ஜெல் என்று பெயர். எனக்கு அது களிதான். உருளைக்கிழங்கு மாவைக் கரைசலில் கலக்கி, கண்ணாடிக் குடுவையில் நெருப்பின் மேல் சுழற்றிக்கொண்டே காய்ச்ச வேண்டும். சுழற்றுவதை ஒரு நொடி நிறுத்தினால் அடிப்பிடிக்கும். முதலில் பால்போல இருப்பது கெட்டியாகி, பிறகு திடீரென்று கண்ணாடிபோலத் தெளியும். அந்த நேரம் பார்த்து இறக்கி, காற்றுக்குமிழை உறிஞ்சி எடுத்துவிட்டுத் தட்டில் ஊற்றிப் பரப்புவேன். மின்சாரம் ஓடி முடிந்ததும் களியைக் கிடைவாக்கில் மெல்லிய அடுக்குகளாக அறுத்து, ஒவ்வோர் அடுக்கிலும் ஒவ்வொரு புரதத்துக்கான சாயத்தை ஊற்றுவேன். அறுப்பதற்குக் கிதார் கம்பியைவிட நல்ல கருவி கிடையாது. கடைக்காரர், "எந்தக் கம்பி வேணும்?" என்று கேட்டபோது, "இருக்கிறதிலேயே மெலிசு" என்றேன். "என்ன பாட்டு வாசிக்கிறீங்க?" என்றார். "களி அறுக்க" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

ஒப்பிட்டுப் பார்ப்பதற்கு அடையாளம் தெரிந்த ஈக்கள் கையில் இருக்க வேண்டும். சந்தைக்காரியைப் பிடிக்கத் தேக்கா சந்தைக்கு வலையோடு போவேன். மீன் விற்கிறவர்கள் பழகிவிட்டார்கள், குடலை ஓரமாக எனக்கென்று ஒதுக்கி வைத்துவிடுவார்கள். புண்காரியின் புழுக்களைக் கிராஞ்சி பக்கத்துப் பண்ணைகளில் ஆடுகளின் புண்ணிலிருந்து எடுத்து வருவேன். பாதியை வளர்த்து ஈயாக்கி இன்னதுதான் என்று உறுதி செய்துகொண்டு, மீதியை உறைய வைத்துக்கொள்வோம்.

இப்படி இருக்கும்போதுதான் அப்பாவின் காதில் புழு வைத்தது.

அப்பா துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அம்மா இறந்த பிறகு அண்ணனோடும் அண்ணியோடும் தெம்பனிஸில் இருந்தார். அந்த வட்டாரம் அப்போதுதான் எழும்பிக்கொண்டிருந்தது. சன்னலைத் திறந்தால் பாரந்தூக்கிகளும் செம்மண்ணும்தான். அண்ணி ஃபேரர் பார்க்கில் மாவு மில் வைத்திருந்தவரின் மகள். நாங்கள் கத்தோலிக்கர்கள். அண்ணி கல்யாணத்துக்குப் பிறகும் ஞானஸ்நானம் எடுக்கவில்லை, பொட்டையும் எடுக்கவில்லை. அப்பா அதைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னதில்லை. எங்களுக்கெல்லாம் மூத்தவளான அக்கா மட்டும் அதை மறக்கவேயில்லை. அண்ணி சமைத்தால் உப்பு அதிகம், துவைத்தால் சாயம் போகிறது. எட்டு வருஷமாக இப்படித்தான்.

அந்தச் சமயம் அப்பா புதுக் கண்ணாடி மாற்றியிருந்தார். கனமான சட்டம். அதன் கொக்கி வலது காதுக்குப் பின்னால் உராய்ந்து தோலைக் கிளப்பிவிட்டது. ஒரு வெள்ளிக்கிழமை காலை அண்ணி அப்பாவின் தலையணையில் ரத்தம் கலந்த நீர்க்கறை இருப்பதைப் பார்த்தார். காதை மடக்கிப் பார்த்தால் உள்ளே என்னவோ நெளிந்திருக்கிறது. உடனே டாக்சி பிடித்து அவரை மருத்துவமனைக்குக் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டு எனக்குப் போன் செய்தார்.

நான் போனபோது அக்கா முன்னாலேயே வந்திருந்தாள். புண்ணைக் கழுவிக் கட்டுப் போட்டிருந்தார்கள். கழுவும்போது தாதி ஒருவர், "கவனிக்காமல் விட்ட புண்ணில் ஈ மொய்த்திருக்கிறது" என்று சொல்லியிருக்கிறார். அது அக்கா காதில் விழுந்துவிட்டது.

"எங்கப்பாவ உயிரோட அழுக விட்டுட்டியே" என்றாள் அக்கா. அந்தக் கூடத்தில் ஆறேழு கட்டில்கள். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"தினமும் டெட்டால் போட்டுத் துடைச்சேன் அக்கா. நேத்துகூடத் துடைச்சேன். சின்னப் புண்ணு, ரத்தம் மட்டும்தான் கசிஞ்சுது."

"துடைச்சா எப்படிப் புழு வரும்? அழுகின எடத்துலதானே ஈ முட்டை போடும்? சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும் லா."

அண்ணன் கட்டிலின் கால்மாட்டில் நின்று தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். அப்பா மயக்க மருந்தின் அரைத் தூக்கத்தில் இருந்தார். அண்ணி கையில் அப்பாவின் கண்ணாடியை வைத்துக்கொண்டு நின்றார். அதன் கொக்கியில் உராயாமலிருக்கப் பஞ்சு சுற்றி நூலால் கட்டியிருந்தது. அதைக் கட்டியது யார் என்று நான் கேட்கவில்லை, கேட்கத் தேவையில்லை.

அக்கா கேட்ட கேள்விக்குப் பதில் எனக்குத் தெரியும். அழுகாத இடத்திலும் முட்டையிடும் ஈ ஒன்று இருக்கிறது. ஆனால் அப்பாவின் காதில் வைத்தது அதுதானா என்று எனக்குத் தெரியாது. தெரியாததைச் சொல்லி யாரையும் காப்பாற்றப் போக வேண்டாம் என்று நினைத்து வாயை மூடிக்கொண்டு டாக்டரைத் தேடிப் போனேன்.

இளம் சீன டாக்டர். பொறுமைசாலி. நான் எங்கே வேலை செய்கிறேன் என்று ஆங்கிலத்தில் சொன்னதும் அலமாரியிலிருந்து சிறிய கண்ணாடிப் புட்டியை எடுத்துக் காட்டினார். உள்ளே பத்துப் பதினைந்து புழுக்கள், நொய்யரிசி அளவுதான். எல்லாம் ஃபார்மலினில் மிதந்தன. ஃபார்மலினில் விழுந்த புரதம் வெந்த முட்டை மாதிரி, அதற்குப் பிறகு களியில் ஓடாது.

"இது எந்த ஈ என்று தெரிந்து உங்களுக்கு என்ன ஆக வேண்டும்?" என்று டாக்டர் கேட்டார். கிண்டலாக இல்லை, உண்மையாகவே கேட்டார்.

"சாதாரண ஈயாக இருந்தால் நீங்கள் கழுவியதோடு சரி" என்றேன். "மற்றதாக இருந்தால் மேலே தெரிந்தது கொஞ்சம்தான். மீதி உள்ளே போயிருக்கும்."

அவர் சற்று யோசித்தார். "நாளைக் காலை கட்டு மாற்றும்போது மறுபடி ஏதாவது வெளியே வந்தால்?"

"ஃபார்மலினில் போடாதீர்கள். உயிரோடு ஐஸில் வைத்து எனக்குக் கொடுங்கள்."

மறுநாள் சனிக்கிழமை. நான் ஆய்வகத்தில் காத்திருந்தேன். காலை பத்து மணி வாக்கில் வாசலில் அண்ணி நின்றார். கையில் அப்பாவுக்கு ஹார்லிக்ஸ் கொண்டுபோகும் ஃபிளாஸ்க்.

"டாக்டர் குடுத்தாரு. ஐஸ் போட்டிருக்கேன். உங்கண்ணன் மாமாகிட்ட உக்காந்திருக்காரு" என்றார். "இனிமே இந்த ஃபிளாஸ்க் உனக்குத்தான். வீட்டுக்குக் கொண்டு வராத."

உள்ளே ஒரு சிறு குப்பியில் ஆறு புழுக்கள் மெதுவாக அசைந்துகொண்டிருந்தன. அப்படியென்றால் நேற்றுக் கழுவியபோது எல்லாம் வரவில்லை.

என் மேலதிகாரி, கத்தரித்த தலைமுடியும் எப்போதும் சுருட்டிவிட்ட சட்டைக் கையுமாக இருக்கும் சீனப் பெண்மணி, தன் அறையிலிருந்து வந்து குப்பியை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். பிறகு நுண்ணோக்கியில் வைத்து வெகுநேரம் பார்த்தார்.

"சந்தேகப்படுகிறேன். ஆனால் இந்த வயதுப் புழுவை வைத்து நான் சத்தியம் செய்யமாட்டேன்" என்றார். "ஜெல் ஓட்டு. ஒரு நிபந்தனை. அரைப்பது நீ. தட்டில் வரிசையாக வைப்பது நான். எது சந்தை ஈ, எது ஆட்டுப் புழு, எது உன் அப்பாவுடையது என்று கோடு தெரியும்வரை உனக்குத் தெரியக் கூடாது."

"என்மேல் நம்பிக்கை இல்லையா?"

"உன் கைமேல் இருக்கிறது. ஈ உன் அப்பாவின் காதிலிருந்து வரும்போது உன் கண்மேல் இல்லை. என் அப்பாவாக இருந்தால் என் கண்மேலும் இருக்காது."

அது சரியான பேச்சு.

ஒவ்வொரு புழுவையும் தனித்தனியாக ஒரு துளிக் கரைசலில் வைத்துக் கண்ணாடிக் குச்சியால் நசுக்கினேன். உறைபெட்டியிலிருந்து எடுத்த தெரிந்த புழுக்களையும் அப்படியே. அந்தச் சாற்றில் நனைத்த சின்னக் காகிதத் துண்டுகளை மேலதிகாரி தனக்கு மட்டும் தெரிந்த வரிசையில் களியின் பிளவில் செருகினார். மேலே ஐஸ் பைகளை வைத்து மின்சாரத்தைப் போட்டேன். முன்னால் ஓடி வழிகாட்டும் நீலச் சாயம் நகரத் தொடங்கியது.

அண்ணி போகவில்லை. முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். மின்சாரம் ஓடும்போதுதான் பேசினார்.

"இதுல என்ன தெரியும்?"

சொன்னேன். இரண்டு ஈ, இரண்டு ஓட்டம், ஒன்று முன்னே ஒன்று பின்னே.

"அந்த சந்தை ஈயா இருந்துச்சுன்னா?"

"அதைத்தான் சொல்வேன் அண்ணி."

"அக்காகிட்டயும்?"

"அக்காகிட்டயும்."

தலையை ஆட்டினார். "சொல்லணும். எனக்காக மாத்திச் சொல்லாத. நான் துடைச்சேன்னு எனக்குத் தெரியும். அது போதும்."

கொஞ்ச நேரம் கழித்து நான் கேட்டேன், "இந்த இன்னொரு ஈ பெரும்பாலும் ஆடு மாடு இருக்கிற பக்கம்தான். தெம்பனிஸ்ல அதுக்கு என்ன வேலை? அப்பா எங்கயாவது வெளியில போனாரா?"

அண்ணி நீலச் சாயத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "அத நீ மாமாகிட்டயே கேளு" என்றார்.

போயிருக்கிறார், அண்ணிக்குத் தெரியும், சொல்லமாட்டார். அவ்வளவும் அந்த ஒரு வரியில் இருந்தது. நான் மேலே கிளறவில்லை.

இருவரும் கேன்டீனுக்குப் போய் மீ கோரெங் நூடுல்ஸ் சாப்பிட்டோம். அண்ணி பாதியைத் தள்ளி வைத்துவிட்டார். திரும்பி வந்தபோது நீலச் சாயம் தட்டின் மறுமுனையை நெருங்கியிருந்தது. மின்சாரத்தை நிறுத்தி, கிதார் கம்பியை இரு கையிலும் இழுத்துப் பிடித்துக் களியை மூன்று அடுக்காக அறுத்தேன். அடுக்கைத் தூக்கும்போது கிழித்துவிட்டால் நாள் முழுக்கச் செய்தது வீண். நான் கிழிப்பதில்லை. மூன்று தட்டில் மூன்று அடுக்கு, மூன்று சாயம். இருட்டான சூட்டுப்பெட்டியில் வைத்து மூடினேன்.

முதல் அடுக்கில் எல்லாக் கோடுகளும் ஒரே உயரத்தில் வந்தன. அது அப்படித்தான் வர வேண்டும். இரண்டு ஈக்கும் அந்தப் புரதம் ஒன்றுதான். களியும் மின்சாரமும் ஒழுங்காக இருக்கிறது என்று காட்டத்தான் அதை வைப்போம். இரண்டாவது அடுக்கில் வெளுத்த களிக்குள்ளிருந்து ஊதா நிறம் மெல்ல எழுந்தது. முதலில் நிழல்போல, பிறகு பேனாவால் இழுத்ததுபோல. கோடுகள் இரண்டு உயரத்தில் நின்றன. சில மேலே, பல கீழே. இடையில் சந்தேகத்துக்கு இடமே இல்லாத இடைவெளி. மூன்றாவது அடுக்கிலும் அதே பிரிவு.

மேல் உயரத்தில் நிற்பது சந்தைக்காரி, கீழே நிற்பது புண்காரி. அது எனக்கு மனப்பாடம். ஆனால் எந்தக் கோடு அப்பாவுடையது?

"படித்துச் சொல்" என்றார் மேலதிகாரி.

இடமிருந்து வலமாக ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே போனேன். மேல், கீழ், கீழ், கீழ், மேல், கீழ் என்று கடைசிவரை. அவர் முகத்திலிருந்து எதுவும் தெரிந்துகொள்ளக் கூடாது என்று அவர் பக்கம் திரும்பவில்லை. முடித்ததும் அவர் விரலை நீட்டிக் காட்டினார். "இது, இது, இந்த மூன்று, கடைசியில் இது. உன் அப்பாவின் காது."

ஆறும் கீழே.

"அண்ணி, புண்காரி" என்றேன்.

நான் வைத்த பெயர் அவருக்கு எப்படித் தெரியும்? திட்டுகிறேன் என்று நினைத்து என்னைப் பார்த்தார். பிறகு புரிந்துகொண்டு தட்டின் மேல் குனிந்தார். அந்த ஊதாக் கோடுகளை மூச்சு படாமல் வெகுநேரம் பார்த்தார். "இத்துணூண்டு கோடா?" என்றார். கண்ணைத் துடைத்துக்கொள்ள முந்தானையை எடுத்தவர், சாயம் இருக்கும் இடம் என்று நினைத்தாரோ என்னவோ, அப்படியே விட்டுவிட்டார்.

நான் டாக்டருக்குப் போன் செய்தேன். மேலதிகாரியும் ரிசீவரை வாங்கிப் பேசினார். "உயிர்ச் சதைக்குள் இறங்கும் வகை. மேலே கழுவினால் போதாது" என்று சொன்னார். டாக்டர் எதிர்த்து ஒன்றும் கேட்கவில்லை. தன் பெரிய டாக்டரிடம் பேசுவதாகச் சொன்னார், பேசியும் விட்டார். ஞாயிறு காலையிலேயே அப்பாவை அறுவை அறைக்குக் கொண்டுபோனார்கள். காதுக்குப் பின்னால் தோலைத் திறந்து பார்த்தபோது உள்ளே ஒரு பை மாதிரி குடைந்து, காதுக் குழாய்ப் பக்கமாக இறங்கியிருந்தது. அதற்குள் மற்றவை எல்லாம் நெருக்கமாக இருந்தன. எல்லாவற்றையும் எடுத்துவிட்டார்கள். இன்னும் சில நாள் விட்டிருந்தால் உள்காதுவரை போயிருக்கும் என்றார் டாக்டர். "அந்த ஜெல்லை எனக்கு ஒருமுறை காட்ட முடியுமா?" என்றும் கேட்டார். காட்டினேன்.

அக்கா பூசை முடிந்து நேராக மருத்துவமனைக்கு வந்தாள். அப்பா கண் விழித்திருந்தார். தலையில் பெரிய கட்டு. நான் அக்காவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் நம்பாமல் கேட்டாள்.

"அப்ப நல்ல புண்ணுலயும் வருமா அது?"

"புதுப் புண்ணுலதான் வரும். ரத்தம் கசிஞ்சா போதும். டெட்டால் போட்டாலும் வரும்."

"வீட்டுக்குள்ள எப்படி வரும்? அங்க என்ன ஆடா கட்டியிருக்கு?"

நான் அப்பாவைப் பார்த்தேன். "அப்பா, போன வாரம் எங்க போனீங்க?"

அப்பா கூரையைப் பார்த்தார். பிறகு கட்டில் ஓரத்தில் நின்ற அண்ணியைப் பார்த்தார். "இவ சொல்லலயா?"

"இல்ல" என்றேன்.

"கிராஞ்சிக்குப் போனேன்" என்றார். "என்கூட வேலை பாத்தவன் அங்க ஆடு வளக்கிறான். புதன்கிழமை புதன்கிழமை போறேன். ரெண்டு பஸ் மாறணும். மத்தியானம் மரத்தடியில சாய்வு நாற்காலியில படுத்துத் தூங்கிட்டு வருவேன். கண்ணாடிய கழட்டிட்டுத்தான் தூங்குவேன்."

முந்தின வருஷம் அப்பா பஸ் நிறுத்தத்தில் ஒருமுறை தலைசுற்றி விழுந்திருந்தார். தனியாகத் தூரமாய்ப் போகக் கூடாது என்று அக்காதான் உத்தரவு போட்டிருந்தாள். அண்ணனும் அதற்குத் தலையாட்டியிருந்தான். அதனால் அண்ணியிடம் மட்டும் சொல்லிவிட்டுப் போய்வந்திருக்கிறார். யாரிடமும் சொல்லாதே என்றும் கேட்டுக்கொண்டிருக்கிறார். அண்ணி வழிக்குத் தண்ணீரும் பிஸ்கட்டும் கட்டிக் கொடுத்திருக்கிறார். அன்று அந்தக் கூடத்தில் அத்தனை பேர் முன்னால் அக்கா பேசியபோது, "அவர் கிராஞ்சிக்குப் போனார்" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் பழியில் பாதியாவது அப்பா பக்கம் போயிருக்கும். அவர் சொல்லவில்லை.

"ஏம்மா சொல்லல?" என்று அப்பாவே கேட்டார்.

"நீங்க சொல்லாதன்னீங்க மாமா" என்றார் அண்ணி.

அக்கா பையிலிருந்து செபமாலையை எடுத்தாள். மறுபடி உள்ளே போட்டாள். "அங்கெல்லாம் எதுக்குப் போகணும்" என்று அப்பாவிடம் ஆரம்பித்தாள், முடிக்கவில்லை. அண்ணனிடம் காப்பி வாங்கி வரச் சொன்னாள். அவன் எழுந்ததும், "நானே போறேன் இரு" என்று தானே போய்விட்டாள். திரும்பி வரும்போது கையில் பிளாஸ்டிக் பைகளில் ஊற்றிக் கட்டிய காப்பி மூன்று, ஒவ்வொன்றிலும் உறிஞ்சுகுழல். அதில் ஒன்றை அண்ணியிடம் கொடுத்தாள்.

இங்கே நான் ஒன்றைச் சரியாகச் சொல்லிவிட வேண்டும். யார் யாரை எப்படிப் பார்த்துக்கொண்டார்கள் என்பதை எந்தக் களியும் சொல்லாது. ஆறு புழுவும் எந்த இனம் என்று மட்டும்தான் அது சொன்னது. அண்ணி அப்பாவை நன்றாகப் பார்த்துக்கொண்டார் என்பதற்குக் கண்ணாடிக் கொக்கியில் சுற்றிய பஞ்சு போதும், எனக்கு ஈ தேவைப்படவில்லை. ஆனால் 'அழுக விட்டாய்' என்று அக்கா சொன்ன சொல் தவறு என்பதை அந்தக் கோடுகள் ஐயத்துக்கு இடமில்லாமல் காட்டின. இத்தனை வருஷத்தில் எத்தனையோ ஜெல் ஓட்டியிருக்கிறேன். இவ்வளவு தெளிவாக வந்தவை சிலதான்.

அப்பா இரண்டு வாரத்தில் வீட்டுக்கு வந்தார். வலது காதில் கேட்பது கொஞ்சம் குறைந்தது. அதை அவர் தனக்கு வேண்டாத பேச்சைக் கேட்காமலிருக்கப் பயன்படுத்திக்கொண்டார். கிராஞ்சி நண்பர் ஆடுகளுக்கெல்லாம் மருந்து போட்டுவிட்டுத் தெம்பனிஸுக்கே ஒரு நாள் வந்து பார்த்துவிட்டுப் போனார். அந்த ஆடுகளிடமிருந்தும் எனக்குப் புழு கிடைத்தது. ஓட்டிப் பார்த்தேன், அதே கீழ்க் கோடு.

கோயில் வாசலில் அக்கா இந்தக் கதையைத் தன் பாணியில் சொல்லிக்கொண்டிருந்தாள் என்று பிறகு கேள்விப்பட்டேன். "சுத்தமான புண்ணுலதான் அந்த ஈ வருமாம். என் தங்கச்சிதான் கண்டுபிடிச்சா. அவ ஈயெல்லாம் அரைக்கிறவ" என்றாளாம். அண்ணியைப் பற்றி அதில் ஒன்றும் வரவில்லை. மன்னிப்பும் அவள் கேட்கவில்லை. அக்காவிடமிருந்து நான் அதை எதிர்பார்க்கவுமில்லை. அண்ணியும் எதிர்பார்த்ததாகத் தெரியவில்லை. அவர் செய்தது வேறு.

அப்பா வீட்டுக்கு வந்த முதல் ஞாயிறு நாங்கள் எல்லோரும் தெம்பனிஸில் கூடியிருந்தோம். கட்டு மாற்றும் நேரம் வந்ததும் அண்ணி தட்டில் பஞ்சு, மருந்து, கத்தரிக்கோல் எல்லாவற்றையும் எடுத்துவந்து, ஒருக்களித்துப் படுத்திருந்த அப்பா பக்கத்தில் வைத்தார். பிறகு தான் உட்காராமல் அக்காவைப் பார்த்தார்.

"அக்கா, இங்க உக்காருங்க. நீங்க கட்டுங்க."

"நானா? எனக்கு எங்க தெரியும்?"

"நான் சொல்றேன். அடுத்த வாரம் எங்கம்மா வீட்ல விசேஷம், ரெண்டு நாள் நான் இருக்கமாட்டேன். அப்ப யார் கட்டுவா?"

அக்கா என்னைப் பார்த்தாள், அண்ணனைப் பார்த்தாள். வளையல்களை மேலே தள்ளிவிட்டுக் கையைச் சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். பழைய கட்டைப் பிரித்ததும் தையலோடு சிவந்த புண் தெரிந்தது. அதை அவள் பார்ப்பது அதுதான் முதல் தடவை. கை நின்றுவிட்டது.

"பயப்படாதீங்க. பஞ்ச நனைச்சு உள்ளேருந்து வெளியே துடைங்க. திரும்ப உள்ள கொண்டு போகக் கூடாது" என்றார் அண்ணி.

"இப்படியா?"

"இன்னும் கொஞ்சம் மெதுவா."

"என்ன பண்றீங்க ரெண்டு பேரும்?" என்று அப்பா கேட்டார். கேட்கிற காது தலையணையில் அழுந்தியிருந்தது. அக்கா துடைத்து முடித்து, மருந்து வைத்து, பட்டையைத் தலையைச் சுற்றிக் கொண்டுவந்து முனையைப் பிடித்துக்கொண்டு அண்ணியை நிமிர்ந்து பார்த்தாள்.

"போதுமா?"

அண்ணி குனிந்து விரலை விட்டுப் பார்த்தார். "இன்னொரு சுத்து சுத்துங்க அக்கா. ராத்திரி புரண்டு படுப்பாரு, கழண்டுடும்."

அக்கா இன்னொரு சுற்று சுற்றினாள்.